மாஸ்டருக்குச் சாட்சி சொன்னேன்

பள்ளிக்கூடக் காவல்காரனுக்கு மே மாதம் ஒரு தண்டனை. ஜூன் முதல் ஏப்ரல் வரை பிள்ளைகள் போடுகிற கூச்சலில் காது அடைத்துக் கிடக்கும். மே பிறந்தால் நம் இருமலே நமக்குத் திரும்பிக் கேட்கும். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால், மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளி அது. கேட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு அறை, ஒரு அடுப்பு. ஓசூரில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். "இன்னாப்பா, சாப்ட்டியா?" என்பான். சாப்பிட்டேன் என்பேன். நாலு நிமிஷத்தில் இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடும்.

கணியம்பாடிப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவன் பட்டாளத்துக்குப் போவான். நானும் போய்ப் பதினேழு வருடம் இருந்தேன். திரும்பி வந்தவனுக்கு இரண்டே வேலைதான். ஒன்று, பேங்க் வாசலில் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்காருவது. இன்னொன்று, எங்காவது ஒரு கேட்டைத் திறந்து மூடுவது. நான் முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதுக்கு வந்தவன். மனைவி போன பிறகு ஊரில் இருக்க முடியவில்லை. எதிர்ப்பட்டவர்களெல்லாம் துக்கம் விசாரித்தார்கள். ஒரு வருடம் கழித்தும் விசாரித்தார்கள். அதற்குப் பயந்துதான் மலையேறினேன். இங்கே யாரும் எதையும் விசாரிக்கவில்லை. அதுவும் நன்றாக இல்லை.

போன வருடம் மே மாதம் விடுதிக்குப் பெயின்ட் அடிக்க ஆட்கள் வந்தார்கள். போளூர்க்கார மேஸ்திரி ஒருவர், வடக்கிலிருந்து வந்த வேலையாட்கள் ஐந்து பேர், ஜன்னல் கம்பிகளுக்குப் பூச ஒரு வயசானவர். மேஸ்திரிக்கு இந்தி தெரியாது, வேலையாட்களுக்குத் தமிழ் தெரியாது. முதல் நாளே மேஸ்திரி கத்தத் தொடங்கிவிட்டார்.

"சொவுத்த தேக்காம இன்னாத்துக்குய்யா பூசுறீங்க? நாளைக்கு வேலைக்கு வர்றதா, வேணாவா?"

வயசானவர் பிரஷைக் கீழே வைக்காமல் அதை இந்தியில் சொன்னார். 'மேஸ்திரி கேட்கிறார்' என்று சொல்லவில்லை. "சுவரைத் தேய்க்காமல் எதற்குப் பூசுகிறீர்கள்? நாளைக்கு வேலைக்கு வருவதா, வேண்டாமா?" என்று தானே மேஸ்திரி ஆனதுபோலக் கேட்டார். வேலையாட்களில் ஒருவன் முணுமுணுத்தான். அவர் மேஸ்திரியிடம் திரும்பி, "சுவர் இன்னும் காயேல்லை. எங்களுக்கென்ன, உமக்குத்தான் அவசரம்" என்றார். மேஸ்திரிக்கு முகம் சுண்டிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அந்தக் கடைசி வார்த்தையை விழுங்கியிருப்பார்கள்.

எனக்குக் கையில் இருந்த டீ ஆறிப்போனது. இப்படி ஒரு வார்த்தையைக்கூட விழுங்காமல் மொழிபெயர்க்கிற ஆளை என் வாழ்நாளில் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் வடக்கே, எங்கள் பட்டாளம் அமைதி காக்கப் போய், அங்கே ஆயுதம் ஏந்தியிருந்த இயக்கத்தோடு சண்டையில் மாட்டிக்கொண்ட காலம் அது.

நான் அங்கே ஜீப் டிரைவர். முழுக்க வடநாட்டுக்காரர்கள் இருந்த படைப்பிரிவில் தமிழன் நான் ஒருத்தன். "நம்மிடம்தான் தமிழன் இருக்கிறானே" என்று அதிகாரி என்னை முன்னால் தள்ளினார். நான் ஒரு வாசலில் நின்று "வூட்ல யாரு கீறாங்க?" என்று கேட்டால் அந்தச் சனம் திகைத்து நிற்கும். அவர்கள் சொல்வது எனக்குப் பாதிதான் புரியும். சாதாரண நாளில் பாதி புரிந்தால் போதும். எதிரே துப்பாக்கி நீட்டியிருக்கும்போது பாதி போதாது.

அதனால்தான் மொழிபெயர்க்க அவரைத் தேடிப் பிடித்தார்கள். பம்பாயில் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பாதியில் ஊர் திரும்பியவர். டியூஷன் வாத்தியார். அந்த ஊர்க்காரர்கள் கூப்பிடுவதைக் கேட்டு நாங்களும் மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். அவர் பெயரை நாங்கள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது உத்தரவு. வீடு எது என்றும் கேட்கக் கூடாது. எங்களில் ஒருவன் பிடிபட்டு வாயைத் திறந்தால் அவர் குடும்பம் மிஞ்சாது. முகாம் கேட்டில் ஒரு பதிவேடு இருக்கும். அதில் அவர் ஒரு எண், பக்கத்தில் ஒரு கையெழுத்து. அவர் வருகிற நாளெல்லாம் பொழுது சாய்ந்ததும் நான் ஜீப்பில் கொண்டுபோய் ஒரு பனங்காட்டுத் திருப்பத்தில் இறக்கிவிடுவேன். அங்கிருந்து எந்தப் பக்கம் நடக்கிறார் என்று பார்க்காமல் வண்டியைத் திருப்ப வேண்டும்.

எங்களைத் திரும்பி வரச்சொல்லி ஆணை வந்தபோது அதிகாரி அவருக்குக் கைகொடுத்துச் சொன்னார்: குடும்பத்தோடு எங்கள் கப்பலில் வந்துவிடுங்கள். நாளும் குறித்தார்கள். ஆனால் புறப்பாடு ஒரு நாள் முன்னால் வந்துவிட்டது. காலையில் உத்தரவு, மத்தியானம் கிளம்ப வேண்டும். அன்று அவர் வரவேண்டிய நாளும் இல்லை. முகாமில் இருந்த காகிதங்களையெல்லாம் எரிக்கச் சொன்னார்கள். கேட்டுப் பதிவேட்டை எரித்தவன் நான். அது எதிரி கையில் கிடைத்தால் அவருக்கு ஆபத்து என்று நினைத்துத்தான் எரித்தேன். புண்ணியம் செய்வதாகத்தான் நினைத்தேன்.

அவருக்கு யார் போய்ச் சொல்வது? அவர் வீடு யாருக்கும் தெரியாது. திருப்பம் எனக்குத் தெரியும். அங்கே போய் ஹாரன் அடித்திருந்தால் யாராவது ஓடிப்போய்ச் சொல்லியிருப்பார்கள். அதிகாரியிடம் கேட்கவேண்டும் என்று வாய்வரை வந்தது. ஜீப்பைத் தனியாக எடுத்துக்கொண்டு போகப் பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு வரிசையில் வண்டியை ஓட்டினேன். இதை நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"மாஸ்டர்" என்று கூப்பிட்டேன். கம்பியில் பிரஷ் நின்றது. என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். மீசை நரைத்து, தொப்பை போட்டு, அந்த டிரைவரின் அடையாளம் என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"ஜீப் தம்பி" என்றார்.

அந்தப் பத்து நாளும் என் அடுப்பில்தான் அவருக்குச் சாப்பாடு. சாமைச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் எனக்கே அலுத்துப்போன சமையல், ருசித்துச் சாப்பிட்டார். மனைவி போன பிறகு நான் ஒரு ஆளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டது அந்தப் பத்து நாள்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வேலை முடியக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் கதையைச் சொந்தக் கதைபோலவே சொல்லவில்லை. மறுநாள் காலை முகாமுக்கு வந்திருக்கிறார். கேட் திறந்து கிடந்தது, உள்ளே யாருமில்லை, சாம்பல் புகைந்துகொண்டிருந்தது. ரோட்டில் போன சனமெல்லாம் அவர் அங்கே நிற்பதைப் பார்த்தது. அன்றிரவே ஒளிந்துவிட்டார். அவர் கிடைக்காததால் இயக்கத்துக்காரர்கள் அவருடைய அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அண்ணன் திரும்பி வரவில்லை. பிறகு படகில் ராமேஸ்வரம், மண்டபம், அங்கிருந்து எங்கள் மலையடிவாரத்தில் ஒரு அகதி முகாம். மகள் அங்கேதான் பிறந்தாள். அவள் தாய் இறந்ததும் அங்கேதான்.

"ஊர்ப்பக்கம் போக ஏலாது தம்பி. அங்க என்னைக் காட்டிக்குடுத்தவன் எண்டுதான் இண்டைக்கும் சொல்லீனம்" என்றார். "இங்க என்னை ஆரெண்டே தெரியாது."

எனக்குப் பென்ஷன் வருகிறது, கேன்டீன் கார்டு இருக்கிறது. நான் செத்தால் எங்கள் ஊர்ப் பழைய பட்டாளத்துக்காரர்கள் கூடி, கொடி போர்த்தி எடுத்துப் போவார்கள். அதே ஜீப்பில், கண்ணிவெடி புதைத்த அதே சாலையில், எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவர் இவர். என்னிடமாவது ஒரு துப்பாக்கி இருந்தது. இவருக்கு அதுவும் கிடையாது. இவர் வெளியூருக்கு வேலைக்குப் போனால் முகாமில் சொல்லிவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்து கையெழுத்துப் போட வேண்டும். இதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வரும். யார்மேல் என்று தெரியாமல் பாத்திரத்தின்மேல் காட்டுவேன்.

கடைசி நாள்தான் அவர் விஷயத்துக்கு வந்தார். மகள் எம்.ஏ., பி.எட். படித்திருக்கிறாள், தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். அரசு வேலைக்கு மனுப்போட்டால் எந்த நாட்டுக் குடிமகள் என்ற இடத்தில் எழுத அவளுக்கு ஒன்றுமில்லை. பிறந்தது இங்கே, பார்த்ததும் இந்த மண் மட்டும்தான், ஆனாலும் இந்த நாட்டாள் இல்லை. அவர் தனக்கும் அவளுக்குமாகக் குடியுரிமைக்கு மனுக் கொடுத்திருக்கிறார். இந்தியப் பட்டாளத்துக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன் என்று அதில் எழுதியிருக்கிறார். மாவட்டத்தில் ஒரு அதிகாரி அதன்மேல் 'பரிந்துரைக்கிறேன்' என்று ஒரு வரி எழுதினால் மனு டெல்லி வரை போகும். அதற்கு ஒரு சாட்சி வேண்டும்.

"பட்டாளத்துக்கு எழுதிக் கேட்டனான். அப்பிடி ஒரு ஆள் எங்கட பதிவில இல்லை எண்டு பதில் வந்தது. நீங்கள் ஒருக்கா வந்து சொல்லுவியளோ?"

வருகிறேன் என்றேன். பதிவேடு எங்கே போனது என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

தேதி கிடைக்கவே ஏழு மாதமானது. தை மாதத்தில் ஒரு புதன்கிழமை. முதல் பஸ்ஸில் மலையிறங்கிப் போளூரில் அவரோடு சேர்ந்துகொண்டேன். என் பழைய மெடல்களை எடுத்துப் போயிருந்தேன். சட்டையில் குத்திக்கொள்ளக் கூச்சமாக இருந்ததால் பையிலேயே வைத்துக்கொண்டேன். அவர் தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நகக்கண்ணில் பச்சைப் பெயின்ட் இருந்தது.

மாவட்ட அலுவலகத்தில் இருந்த கிளார்க் நம்மூர்க்காரர், நல்ல மனுஷர். மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே சொன்னார்: "ஆறுன கஞ்சி பழங்கஞ்சி சார். நீங்க உள்ள போய் ரொம்ப பேசாதீங்க. இவரத் தெரியும், கூட வேல செஞ்சாருன்னு ரெண்டே வார்த்த. மிச்சத்த நா பாத்துக்கறேன்."

அதிகாரி என் மகனைவிட இளைய பெண். வடக்கிலிருந்து வந்து சில மாதம்தான் ஆகிறதாம், தமிழ் இப்போதுதான் கற்றுக்கொள்கிறார். நான் பட்டாளத்தான் என்று தெரிந்ததும் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். இந்தியில் அன்பாகக் கேட்டார்: இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?

அங்கேதான் நான் கெட்டேன். பதினேழு வருட இந்தியில் எனக்கு உத்தரவு வாங்கத் தெரியும், சப்பாத்தி கேட்கத் தெரியும், திட்டத் தெரியும். இதைச் சொல்ல அதில் எனக்கு வார்த்தை இல்லை. தமிழில் ஆரம்பித்தேன். ஆரம்பித்ததும் மடை உடைந்துவிட்டது. இரண்டு வார்த்தை என்று சொன்ன கிளார்க்கை மறந்தேன். மாஸ்டர் எங்களுக்காக உழைத்ததைச் சொன்னேன். அவர் பெயர் எனக்கு அப்போது தெரியாது, மனுவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றேன். பதிவேட்டை எரித்தது நான்தான் என்றேன். திருப்பம் தெரிந்தும் போகாமல் விட்டேன், பயந்து விட்டுவிட்டு வந்தேன் என்றேன். அவர் அண்ணன் செத்ததற்கு நானும் ஒரு காரணம் என்றேன். அழுதேனா என்று நினைவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது நினைவிருக்கிறது.

அதிகாரி கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் தொண்டையைச் செருமிக்கொண்டு உடைந்த இங்கிலீஷும் இந்தியுமாகச் சொன்னார்: இவரை நன்றாகத் தெரியுமாம் மேடம், அங்கே மூன்று வருடம் ஒன்றாக வேலை பார்த்தார்களாம், பழைய நினைவில் கலங்கிவிட்டார்.

அந்தப் பெண் தலையசைத்துப் பேனாவை எடுத்தார். மனுவைத் தன் பக்கம் திருப்பினார். மூடியைக் கழற்றிவிட்டார்.

"மேடம்" என்றார் மாஸ்டர். "அவர் சொன்னது அது மட்டுமில்லை."

பிறகு நான் சொன்னது முழுவதையும் இந்தியில் சொன்னார். என் குரலில்தான் சொன்னார், 'நான்' என்றே சொன்னார். "இவர் பெயர் எனக்கு அப்போது தெரியாது. பதிவேட்டை எரித்தது நான்தான். திருப்பம் தெரிந்தும் போகவில்லை, பயந்து விட்டுவிட்டு வந்தேன். இவர் அண்ணன் செத்ததற்கு நானும் ஒரு காரணம்." அண்ணன் என்கிற இடத்தில்கூட அவர் குரல் மாறவில்லை. நான் எங்கே நிறுத்தினேனோ அங்கே நிறுத்தினார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். இந்தியில் மெதுவாகப் பேசினார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரியும் என்று மாஸ்டருக்கும் தெரியும். ஆனாலும் அவர் என் பக்கம் திரும்பி, பழக்கதோஷம்போலத் தமிழில் சொன்னார்:

"நீங்கள் சொல்லுறதை நான் நம்புறன். ஆனா பேர் தெரியாத ஒருத்தரைப் பற்றி, இல்லாத பதிவேட்டை வைச்சு, நான் என்னத்தை எழுத? இவருக்கு இந்த நாடு கடமைப்பட்டிருக்கலாம். இவர் ஆரெண்டு எங்களுக்குத் தெரியாதே."

எங்களுக்கு என்றார், தன்னையே இவர் என்றார். சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, அதிகாரி இன்னும் ஏதாவது சொல்வாரா என்று காத்திருந்தார்.

வெளியே வந்ததும் கிளார்க் தலையில் அடித்துக்கொண்டார். "பெரியவரே, பேனாவ எடுத்துட்டாங்களே! உங்க தலைல நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கினீங்களே!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரோடு என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"ஏன் மாஸ்டர் அப்டி பண்ணீங்க? அவுரு உங்களுக்கோசரம்தான மறைச்சாரு? உங்கள எவன் மொழிபேத்துச் சொல்லச் சொன்னான்?"

அவர் ரோட்டோரத்துப் புங்கமரத்தடியில் நின்றார். "அங்க என்னைத் துரோகி எண்டவங்கள். இங்க அகதி எண்டவங்கள். ஒருத்தர் சொன்னதைக் கூட்டிச் சொன்னான், குறைச்சுச் சொன்னான் எண்டு மட்டும் ஆரும் சொல்லேல்லை, தம்பி. எனக்கெண்டு மிஞ்சினது அதுதான்" என்றார். பிறகு, "நீங்கள் மனசிலை இருந்ததைச் சொன்னீங்கள். அதைப் பாதியிலை வெட்ட எனக்கு என்ன உரிமை?" என்றார்.

அதில்தான் எனக்கு உறைத்தது. அவர் என்னிடம் கேட்டது சாட்சி. நான் கொடுத்தது பாவமன்னிப்பு மனு. முப்பத்தைந்து வருடம் சுமந்ததை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டும் என்ற அவசரத்தில் அதை அவர் தலையிலேயே இறக்கிவிட்டேன். இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அன்றைக்குப் பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கு மூட வேண்டிய இடத்தில் திறந்தேன். இரண்டு தடவையும் அவர்தான் அகப்பட்டார்.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதுவும் எனக்காகக் கேட்பதாகவே இருக்கும் என்று தோன்றியது. நாடு இவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்று பெரிய பேச்செல்லாம் மனதில் வைத்திருந்தேன், அந்தப் பெண்ணிடம் பேசலாம் என்று. நாட்டை விடு, நீ என்ன செய்தாய் என்று என்னை நானே கேட்டுக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். கலசப்பாக்கம் தாண்டியது. வயலில் நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆறு மணிக்குள் அவர் முகாமில் கையெழுத்துப் போட வேண்டும். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் இறங்கினேன். முகாம் வாசலில் இருந்த பெட்டிக்கடையில் அவர் மகள் நின்றுகொண்டிருந்தாள். பள்ளியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். தோளில் பை, விரலில் சாக்பீஸ் தூள். கடைக்காரரிடம் "இன்னாண்ணா, சில்லறை இல்லியா?" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டுக்கொண்டிருந்தவள், எங்களைக் கண்டதும் அப்பாவின் பேச்சுக்கு மாறினாள்.

"என்னவாம் அப்பா? என்ன சொன்னவை?"

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். பதில் வர நேரமானது. அவர் ஒரு கேள்விக்கு அவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை.

"எழுதுறம் எண்டு சொன்னவை, பிள்ளை" என்றார். "கொஞ்ச நாள் செல்லுமாம்."

அவள் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்ல? முப்பது தாண்டியவள், சின்னப் பிள்ளைபோல இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்துக்கொண்டாள். பிறகு, வாத்தியார் மகள் இல்லையா, சரிபார்க்க என் பக்கம் திரும்பினாள்.

"உண்மையாவோ ஐயா? அப்பிடித்தான் சொன்னவையோ?"

மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடப் போவதுபோல நடக்கத் தொடங்கியவர், நாலடி தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஆமாம்மா" என்றேன். "அப்டித்தான் சொன்னாங்க."